முதலாளி எதுவரை கேட்கலாம்?

வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் மாணவன் தன் கைப்பட எழுதித் தரும் செய்திகள் எத்தனை என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், படிப்பு, முகவரி ஆகியவை பழகிப்போனவை. அவற்றைத் தொடர்ந்து சாதி, மதம், மணமானவரா, குழந்தைகள் எத்தனை, என்னென்ன நோய்கள் வந்தன, வழக்கு ஏதேனும் உண்டா, முன்பு வாங்கிய சம்பளம், வங்கிக் கணக்கு, ஆதார், கைரேகை என்று கேள்விகள் நீளும். இவற்றுள் எவை வேலைக்கு வேண்டியவை, எவை வேண்டாதவை என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்னும் அச்சம் ஒரு காரணம். கேட்கலாம் என்பதே தெரியாமை மற்றொரு காரணம்.

இப்பொருளை நகரத்து அலுவலகங்களை மட்டும் வைத்து ஆராய்வது வழக்கம். இக்கட்டுரையில் நாம் மலையேறிச் செல்ல வேண்டும். இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத் தோட்டங்களிலும், வாளையாறு முதல் கோவிந்தாபுரம் வரையுள்ள பாலக்காட்டு எல்லையிலும் உழைக்கும் தமிழ் மக்களிடையே இக்கேள்வி வேறோர் உருவம் கொள்கிறது. அங்கே முதலாளி படிவம் நீட்டிக் கேட்க வேண்டியதே இல்லாத நிலையும் உண்டு. அவர் எழுதி வைத்த பழைய ஏடு கிடைக்காமற் போனால் தொழிலாளியின் பேரன் சான்றிதழுக்குத் திண்டாடும் நிலையும் உண்டு. இவ்விரண்டையும் விளங்கிக்கொள்வதற்கு முன், நீதிமன்றத்தில் சிறிது நேரம் நிற்போம்.

ஒரு படிவமும் ஒரு வழக்கும்

ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில், அதாவது எல்.ஐ.சி.யில், உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தவர் நீரா மாத்தூர் என்னும் பெண்மணி. எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் தேறினார். 1989 மே மாதத்தில் ஓர் உறுதிமொழிப் படிவத்தை நிரப்பித் தந்தார். கழகம் ஏற்றுக்கொண்ட பெண் மருத்துவர் ஒருவர் அவரைச் சோதித்து, உடல் தகுதி உண்டு என்று சான்று தந்தார். செப்டம்பரில் நியமன ஆணை வந்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அக்காலத்திலேயே அவர் மகப்பேற்று விடுப்புக் கேட்டார். 1990 ஜனவரி 11ஆம் நாள் குழந்தை பிறந்தது. பிப்ரவரி 13ஆம் நாள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

கழகம் கூறிய காரணம் யாது? படிவத்தில் அவர் பொய் எழுதிவிட்டார் என்பது. எந்தக் கேள்விக்கு? இங்கேதான் நாம் நின்று நோக்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்காகவும் வலியின்றியும் வருகிறதா, எத்தனை நாள் நீடிக்கும், எத்தனை முறை கருவுற்றார், கடைசியாக மாதவிடாய் வந்த நாள் எது, இப்போது கருவுற்றிருக்கிறாரா, கருச்சிதைவு நேர்ந்ததுண்டா என்றெல்லாம் அப்படிவம் வரிசையாகக் கேட்டிருந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு எழுதவும் கணக்குப் பார்க்கவும் வந்த ஒரு பெண்ணிடம் கேட்ட கேள்விகள் இவை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1991 அக்டோபர் 31ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அவரை மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. அதனினும் பெரியது அடுத்துக் கூறியது. உண்மையான தவறு அப்பெண் எழுதிய விடையில் இல்லை, படிவத்திலேயே உள்ளது. இத்தகைய கேள்விகள் ஒரு பெண்ணைக் கூச வைப்பவை, ஏன், இழிவுபடுத்துபவை என்றும் சொல்லலாம். நாணமும் தன்மதிப்பும் உள்ளவர் விடை கூறத் தயங்கவே செய்வார். ஆதலின் அப்பத்திகளைக் கழகம் நீக்கிவிடுவதே நலம் என்பது தீர்ப்பின் கருத்து.

இத்தீர்ப்பைச் சட்ட மாணவர் மட்டுமன்றி எல்லாரும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் கேட்பவருக்கு ஒரு காரணம் எப்போதும் இருக்கும். கழகத்துக்கும் இருந்தது. ஆனால் உடல் தகுதியை மருத்துவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அப்படியிருக்க, மாதவிடாய் நாளை அறிந்து அலுவலகம் செய்யப்போவது என்ன? கருவுற்றவளை இப்போது எடுத்தால் சில மாதத்தில் சம்பளத்தோடு விடுப்புத் தரவேண்டி வரும் என்னும் கணக்குத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

நோயைப் பற்றியும் இதுபோன்ற ஒரு வழக்கு உண்டு. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவரின் இரத்தத்தில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டதால் அவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. வேலை செய்யும் உடல் வலிமை இருக்கும்போது, நோயின் பெயரைச் சொல்லி நீக்கலாகாது என்பது அத்தீர்ப்பு. அவ்வழக்கின் பெயர் ‘எம்.எக்ஸ். எதிர் இசட்.ஒய்.’ என்பதாகும். தொழிலாளியின் பெயர் வெளியே தெரியலாகாது என்று நீதிமன்றமே எழுத்துகளால் மறைத்துவிட்டது. பின்னர் 2017இல் தனிச் சட்டமே வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டம், வேலை தருவதற்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை கேட்பதைத் தடுக்கிறது.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டா. 2025 அக்டோபரில் ஹரியானா மாநிலத்து ரோத்தக்கில், பல்கலைக்கழகம் ஒன்றின் துப்புரவுப் பெண்கள், தாங்கள் மாதவிடாயில் இருப்பதைப் படம் எடுத்து மெய்ப்பிக்கும்படி மேற்பார்வையாளர்கள் வற்புறுத்தியதாக முறையிட்டார்கள். நம்மைப் போன்ற மாணவர்கள் நடமாடும் ஒரு கல்விச்சாலையின் வளாகம் அது.

கேட்காமலே அறிந்த முதலாளி

இனி மலைக்குப் போவோம். 1877இல் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897இல் கம்பெனி தோன்றியது. காட்டை வெட்டித் தேயிலை நட ஆள் வேண்டும். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியாக ஆள் வந்தார்கள். கங்காணி தன் ஊரிலும் பக்கத்து ஊரிலும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பவன். ஆதலால் ஒவ்வொரு குடும்பத்தின் ஊர், சாதி, உறவு, கடன், குடிப்பழக்கம், வீட்டுச் சண்டை எல்லாம் அவனுக்குத் தெரியும். துரைக்கு வேண்டியதை அவன் சொல்லிவிடுவான். படிவம் எதற்கு?

இலங்கைத் தோட்டங்களில் இது இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே ‘துண்டு’ என்று ஒரு தாள் இருந்தது. தொழிலாளிகள் பட்டிருக்கும் கடனைக் குறித்து, அதைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்பதாக ஒரு தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு அது. கடன் என்பது ஒருவனுடைய சொந்தச் செய்தி. அது தாளில் ஏறியதும் அவனையே கட்டும் கயிறாகிவிட்டது. 1921இல் சட்டம் இயற்றித் துண்டு முறையை ஒழிக்க நேர்ந்தது.

கங்காணி முறை போயிற்று. ஆனால் தோட்டத்தின் அமைப்பு எளிதில் மாறக்கூடியதன்று. தொழிலாளி குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது. நோய் வந்தால் செல்லும் மருத்துவமனை கம்பெனியுடையது. கைக்குழந்தையை விட்டுச் செல்லும் காப்பகம் கம்பெனியுடையது. செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு கம்பெனி எழுத்தருடைய மேசையில் இருக்கிறது. இவை தொழிலாளர் நலனுக்காக ஏற்பட்டவை என்பதை மறுக்க முடியாது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. ஐம்பது பெண்கள் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது. பலர் போராடிப் பெற்ற உரிமைகள் இவை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சென்னையில் ஒரு வங்கி ஊழியர் காய்ச்சலுக்கு எந்த மருத்துவரிடம் சென்றார் என்பது வங்கிக்குத் தெரியாது. மூணாற்று மலையில் கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு மூன்று மாதம் என்பது, அவள் மாமியாருக்குத் தெரியும் முன்பே கம்பெனி மருத்துவமனையின் ஏட்டில் ஏறிவிடக்கூடும். லயத்தில் யார் வந்து தங்கினார், யார் வீட்டை விட்டுப் போனார், யார் வீட்டில் என்ன கூட்டம் நடந்தது என்பதும் மேற்பார்வையாளருக்கு எட்டாமல் இருப்பதில்லை. நகரத்துச் சட்ட அறிஞர் ‘கேட்காதே’ என்று முதலாளிக்கு விதி எழுதுகிறார். தோட்டத்தில் அவ்விதி பாதி வேலைதான் செய்யும். கேட்காமலே தெரிந்த செய்தியை என்ன செய்வது?

இதற்கு என் விடை இது: ஒரு தேவைக்காகப் பெற்ற செய்தி அத்தேவையோடு நிற்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘உனக்குக் குழந்தைகள் எத்தனை?’ என்னும் கேள்வியை நோக்குவோம். காப்பகத்தில் எத்தனை தொட்டில் வேண்டும் என்று அறியக் கேட்டால் அது நல்ல கேள்வி. லயத்தில் எந்த வீட்டை ஒதுக்குவது என்று அறியக் கேட்டாலும் நல்ல கேள்வி. தற்காலிகத் தொழிலாளியை நிரந்தரமாக்கலாமா என்று முடிவு செய்யும் நாளில் கேட்டால் அதே கேள்வி நஞ்சாகிறது. சொற்கள் மாறவில்லை, பயன் மாறிவிட்டது.

கருவுற்ற செய்தியும் இவ்வாறே. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் தொடக்கத்திலேயே தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டது. விடுப்பு வேண்டுமானால் பெண் தானாக அறிவிப்புத் தர வேண்டும். அதாவது சொல்லும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. முந்திய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால்தான் பயன் கிட்டும் என்பது விதி. தற்காலிகப் பெண் ஒருத்தி அறுபது நாள் முடித்திருக்கையில் அவள் கருவுற்ற செய்தி மருத்துவமனை ஏட்டிலிருந்து அலுவலக மேசைக்கு வந்தால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எண்பதாவது நாள் வராமலே போகலாம். (இவ்விரு சட்டங்களின் இடத்தையும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பெற்றுவிட்டன. 80 நாள் கணக்கு அங்கும் தொடர்கிறது.)

ஆதலின் தோட்டங்களில் முதலில் கேட்க வேண்டியது மருத்துவமனை ஏட்டுக்கும் அலுவலக ஏட்டுக்கும் நடுவே ஒரு சுவர். மருத்துவர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியது ‘இத்தனை நாள் ஓய்வு தேவை’ என்னும் ஒரு வரி. நோயின் பெயர் எதற்கு? தொழிற்சங்கங்கள் கூலிக்கும் போனசுக்கும் போராடியதுண்டு. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் ‘பெண்பிள்ளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டதை நாடே கண்டது. ஏடுகளைப் பற்றிய கோரிக்கை இன்னும் மேடை ஏறவில்லை என்றே நினைக்கிறேன்.

அதே ஏடு, மறுபக்கம்

இதுவரை படித்தவர், முதலாளி ஒன்றுமே எழுதி வைக்காதிருந்தால் நல்லதன்றோ என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தேவிகுளத்தில் நொடியில் கரைந்துவிடும்.

தாழ்த்தப்பட்ட சாதிகளின் பட்டியலைக் குடியரசுத் தலைவர் வெளியிட்ட நாள் 1950 ஆகஸ்டு 10. ஒருவர் ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினர் எனப்பட வேண்டுமானால், அவரோ அவர் முன்னோரோ அந்நாளில் அம்மாநிலத்தில் நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே சாதிப் பெயர் இரு மாநிலப் பட்டியல்களில் இருந்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தவர் அவ்வுரிமையைக் கூடவே எடுத்துச் செல்ல முடியாது என்பது 1990இல் உச்ச நீதிமன்றம் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் கூறிய முடிவு. மூன்று தலைமுறையாக இடுக்கி மலையில் கொழுந்து கிள்ளிய குடும்பம், தன் பாட்டன் 1950க்கு முன்பே இங்கிருந்தான் என்று எதைக் காட்டி மெய்ப்பிக்கும்? நிலம் இல்லை, ஆகவே பட்டா இல்லை. வீடு கம்பெனியுடையது, ஆகவே வரி இரசீது இல்லை. எஞ்சியிருப்பது பள்ளிப் பதிவேடு, கோவில் அல்லது தேவாலய ஏடு, பிறகு கம்பெனியின் வேலைப் பதிவேடு. ஒரு காலத்தில் எழுத்தர் ‘பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி’ என்று கேட்டு எழுதியது பேத்தியின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கும் தாளாகிவிட்டது.

பழைய ஏட்டின் வலிமையை அண்மையில் நாம் நேரில் கண்டோம். 2021இல் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற ஏ. ராஜாவின் தேர்தல் செல்லாது என்று 2023 மார்ச் 20ஆம் நாள் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி அவர் வெற்றி செல்லும் என்றது. வழக்கில் தேவாலயத்துக் குடும்பப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் சான்றுகளாக வந்தன. முன்னோர் 1950க்கு முன் குடியேறியவர்களா என்பதும் வாதிடப்பட்டது. கட்சிச் சார்பை விட்டுவிட்டு நோக்கினால், என்றோ யாரோ வேறு தேவைக்காக எழுதிய வரிகள் ஒரு மனிதருடைய உரிமையை ஐந்து ஆண்டுக் காலத்துக்குள் ஒருமுறை பறித்து ஒருமுறை திருப்பித் தந்தன என்பது விளங்கும்.

இன்னும் பின்னே சென்றால் 1955, 56ஆம் ஆண்டுகள். தேவிகுளமும் பீர்மேடும் எங்கே சேர வேண்டும் என்ற வழக்கில், தேவிகுளம் வட்டத்தில் தமிழர் பெரும்பான்மை என்பதை மறுக்க முடியாதவர்கள் எடுத்த வாதம், தோட்டத் தொழிலாளர் வந்து போகும் மக்கள் என்பது. நிலையாகக் குடியிருந்தவர்களை ‘வந்து போவோர்’ ஆக்குவதும் தாள்தான், அல்லது தாள் இல்லாமைதான்.

ஆகவே தொழிலாளியைப் பற்றி முதலாளி எழுதும் செய்தி சுமையும் ஆகும், சொத்தும் ஆகும். சொத்தாக வேண்டுமானால் அதன் படி ஒன்று தொழிலாளியின் பெட்டியில் இருக்க வேண்டும். இதைப் படிக்கும் நண்பர்களில் தோட்டத்துக் குடும்பத்தினர் உளராயின், பாட்டனார் பாட்டியார் பெயரிலுள்ள வேலைப் பதிவின் சான்றளித்த படியை இப்போதே கேட்டு வாங்கி வைத்தல் நன்று. கம்பெனிகள் கைமாறுகின்றன. ஏடுகள் பழைய அறைகளில் கரையான் அரித்துக் கிடக்கின்றன.

ஜீப்பில் போகிறவர்கள்

நிலையான தோட்டத்தில் ஏடு மிகுதி. எல்லை தாண்டி நாள்தோறும் செல்லும் வேலையிலோ ஏடே இல்லை. விடியுமுன் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு உடும்பன்சோலை வட்டத்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றன. மாலையில் திரும்புகின்றன. பாலக்காட்டுப் பக்கத்தில் முதலமடை மாந்தோப்புகளுக்கும் கஞ்சிக்கோட்டு ஆலைகளுக்கும் இவ்வாறே எல்லை கடந்து செல்வோர் உண்டு. இவர்களைப் பற்றி எழுத்தில் யாரிடம் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஆள் சேர்ப்பவரின் கைபேசியில் ஒரு பெயரும் ஆதார் அட்டையின் படமும். விபத்து நேர்ந்தால், இந்தத் தோட்டத்தில்தான் வேலை செய்தாள் என்று மெய்ப்பிக்க அது போதாது. வேறு எதற்கெல்லாமோ அது போதும்.

இவர்களைப் போன்றோருக்காக 1979இல் ஒரு சட்டம் வந்தது. மாநிலங்களுக்கிடையே குடிபெயரும் தொழிலாளர் சட்டம். ஒப்பந்தக்காரர் வழியே பிற மாநிலத்துக்கு வேலைக்குச் செல்பவர் ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் ஒன்று தர வேண்டும் என்றது. வேலையிடம், காலம், கூலி, பிடித்தம், ஊர் திரும்பும் செலவு ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமன்றித் தொழிலாளியின் தாய்மொழியிலும் இருத்தல் வேண்டும். இவற்றினும் சிறந்தது இன்னொரு விதி: அப்புத்தகம் தொழிலாளியிடமே இருக்க வேண்டும். எழுதுவது முதலாளியின் வேலை, வைத்திருப்பது தொழிலாளியின் உரிமை என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறொரு சட்டத்தை நான் படித்ததில்லை. அது செவ்வனே நடந்ததா என்றால், தமிழில் எழுதிய பாஸ்புத்தகத்தை ஏலத் தோட்டத்தில் கண்டவர் எவரும் எனக்குக் கிடைக்கவில்லை. 2025 நவம்பர் 21இல் அச்சட்டமும் புதிய தொகுப்புக்குள் மறைந்தது. இப்போதைய ஏற்பாடு, தொழிலாளி ஆதாரைக் கொண்டு கணினித் தளம் ஒன்றில் தாமே பதிந்துகொள்ளலாம் என்பது.

ஆதார் என்றதும் ஒரு சொல். 2018 செப்டம்பர் 26ஆம் நாள் தீர்ப்பில், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தைக் காட்டி ஆதாரை வற்புறுத்துவதற்கு இடம் தந்த விதிப்பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதனால் முதலாளி ஆதாரே கேட்கக் கூடாது என்று சில மாணவர் வாதிடுவதுண்டு. அது சரியன்று. வருங்கால வைப்பு நிதிக்கு அது வேண்டும் என்று 2021இல் சட்டப்படி விதித்துவிட்டார்கள். வேண்டியது எண்ணும் பெயரும் பொருந்துவது. தோட்டத்து எழுத்தர் ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும், ஆதார் மையத்தில் வேறுவிதமாகவும் எழுதிய ‘செல்லத்தாய்’க்குத் தன் பணத்தை வாங்கவே நடை பல ஆகிறது. கேட்ட செய்தியைச் சரியாக எழுதுவதும் கேட்பவரின் கடமை என்பதை யாரும் சொல்லக் காணோம்.

படிவத்தின் முன் மாணவன்

நாம் நாளை நிரப்பப்போகும் படிவத்துக்கு வருவோம். வேண்டாத கேள்வி வந்தால் பொய் எழுதலாமா? நீரா மாத்தூர் வழக்கைக் காட்டி ‘எழுதலாம்’ என்று கூறுவது ஆபத்து. 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்குகளை மறைத்துப் பொய் எழுதினால் வேலை போகலாம் என்றே கூறியது. ஆனால் அதே தீர்ப்பில் நமக்கு உதவும் வரி ஒன்று உண்டு: படிவம் தெளிவாகக் கேட்டதற்குத்தான் விடை தரக் கடமை, பொத்தாம்பொதுவாகக் கேட்டுவிட்டு, மறைத்தான் என்று குற்றம் சாட்டலாகாது. சிறு வழக்கு, பெரிய வழக்கு, விடுதலையானது என்று வேறுபாடு பார்க்கவும் முதலாளியை அது பணித்தது.

பன்னாட்டுத் தொழில் நிறுவனம் 1997இல் வெளியிட்ட நெறிமுறை இன்னும் துணிவானது. பாலுறவு வாழ்க்கை, அரசியல், சமயம், குற்றத் தீர்ப்பு ஆகியவற்றைப் பற்றிப் பொதுவாக முதலாளி செய்தி திரட்டலாகாது என்றும், கேட்கத் தகாத கேள்விக்குத் தொழிலாளி தவறாகவோ குறையாகவோ விடை தந்தால் அதற்காக அவரைத் தண்டிக்கலாகாது என்றும் அது கூறுகிறது. ஜெர்மானிய நீதிமன்றங்கள், கருவுற்றிருக்கிறாயா என்ற கேள்விக்குப் பொய் சொல்லும் உரிமையே உண்டு என்பார்கள். நம் நாட்டில் அவ்வளவு துணை இல்லை. ஆகவே பொய்யை விடுத்து, அப்பத்தியில் கோடிட்டு, ‘இவ்வேலைக்கு இது எவ்வாறு தேவை என்று தெரிவித்தால் விடை தருவேன்’ என்று எழுதுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. நேர்முகத் தேர்வுக்கு முன்பே அப்படி எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும் என்பது வேறு.

சட்டம் எதை மறைவான செய்தி என்று கொள்கிறது? 2011ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஒரு பட்டியல் தந்தன. கடவுச்சொல், வங்கி விவரம், உடல் மன நலம், மருத்துவ ஏடு, பாலின நாட்டம், கைரேகை போன்ற உடலடையாளம் ஆகியவை அதில் உண்டு. சாதி இல்லை. சமயம் இல்லை. தொழிற்சங்க உறுப்பினரா என்பதும் இல்லை. நம் நாட்டில் ஒருவன் வேலையிடத்தில் எவ்வாறு நடத்தப்படுவான் என்பதை முடிவு செய்யும் செய்தி எது என்று ஏலத் தோட்டத்துப் பெண்ணைக் கேட்டிருந்தால் பட்டியலின் முதல் வரியாகவே சொல்லியிருப்பாள். 2019இல் வந்த மசோதாவில் சாதியும் சமயமும் இடம்பெற்றன. 2023இல் நிறைவேறிய சட்டத்திலோ அப்பட்டியலே இல்லை. எல்லாச் செய்தியும் ஒன்றே.

அந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம், கணினியில் ஏறும் தனிச்செய்திகளைக் காக்க வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் கட்டுப்படுத்தும். செய்தி கேட்பவர் முன்னறிவிப்புத் தந்து இசைவு பெற வேண்டும். அவ்வேண்டுகோளைத் தமிழ் உள்ளிட்ட அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. மலையாளமும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாமல் கைந்நாட்டு வைக்கும் எல்லைத் தமிழருக்கு இது பெரிய வரம் போலத் தோன்றும். ஆனால் ஏழாம் பிரிவு, வேலை தொடர்பான தேவைகளுக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் இசைவே வேண்டாம் என்று விலக்களிக்கிறது. பதினோராம் பிரிவு, ‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், காட்டு’ என்று கேட்கும் உரிமையை இசைவு தந்து கொடுத்த செய்திகளுக்கே தருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், இசைவின்றி முதலாளி வைத்திருக்கும் ஏட்டைக் காட்டு என்று கேட்கத் தொழிலாளிக்கு அச்சட்டத்தில் வழியில்லை. தாளில் மட்டும் எழுதிய பழைய தோட்டத்து ஏடுகளையோ அச்சட்டம் தொடுவதே இல்லை. 2011ஆம் ஆண்டு விதிகளில், மறைவான செய்திக்கு எழுத்து மூலம் இசைவு வேண்டும் என்றும், தந்தவர் அதைப் பார்வையிட்டுத் திருத்தலாம் என்றும் உள்ளன. புதிய சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும் நாள் வரை அவ்விதிகளுக்கு உயிர் உண்டு.